தேயிலையைத் தொடாத தீ

நம்பிக்கை: கொழுந்தை வறுப்பதால்தான் தேயிலை கறுக்கிறது.

ஹட்டன் பாதையில் இரவு பஸ் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரைத் தாண்டும்போது தேயிலை வாசம் உள்ளே வரும். "தூள் வறுக்கிறாங்க" என்பார் பக்கத்து இருக்கைக்காரர். மல்லியும் கோப்பிக் கொட்டையும் சட்டியில் கறுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறெப்படி நினைப்பார்கள்?

உண்மை: கறுப்புக்கான வேலை சூட்டுக்கு முன்பே நடந்துவிடுகிறது. ரோலரில் கசங்கிய கொழுந்தின் சாற்றில் காற்றுப் பட, நொதியங்கள் கிளம்பி இலையைச் செம்பு நிறமாக்குகின்றன. அடுத்து இலை போகும் உலர்த்தும் இயந்திரமான டிரையர் செய்வது அந்த நொதியங்களை நிறுத்துவதும் ஈரத்தை எடுப்பதும்தான். செம்பு நிறம் காய்ந்து கறுப்பாகிறது. நிஜமாகவே இரும்புச் சட்டியில் வறுபடுவது சீனத்துப் பச்சைத் தேயிலை. தொடக்கத்திலேயே சூடு காட்டி நொதியங்களைக் கொன்றுவிடுவதால் அது பச்சையாகவே நிற்கிறது. ஆக, வறுத்தது பச்சை; வறுக்காதது கறுப்பு.

பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் படித்த இரண்டு சொற்கள் இங்கே உதவும். ரொட்டிக் கல்லிலிருந்து ரொட்டிக்குச் சூடு ஏறுவது கடத்தல். கல்லைத் தொட்ட பக்கம் தீயும், மறுபக்கம் வேகாது. அதனால்தான் அம்மா புரட்டிக்கொண்டே நிற்கிறார். டிரையரில் சூட்டைச் சுமந்து வருவது காற்று. அது மேற்காவுகை. ஒவ்வொரு இலையையும் எல்லாப் பக்கமும் தழுவி, சூட்டைக் கொடுத்துவிட்டு ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும்.

1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கையால் இலையை உருட்டச் செய்தார். மண் அடுப்பில் கரி நெருப்பு, அதன்மேல் கம்பி வலைத் தட்டில் இலை. அப்போதும் சட்டி இல்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு அசாமின் கச்சாரில் தோட்டம் பார்த்த சாமுவேல் டேவிட்சன், பெல்பாஸ்டில் 1881இல் தொழிற்சாலை தொடங்கித் தேயிலை உலர்த்தும் இயந்திரங்கள் செய்தார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் 'சிரோக்கோ'. சகாராப் பாலைவனத்திலிருந்து வீசும் சுடுகாற்றின் பெயர் அது. தீயின் பெயரை விட்டுக் காற்றின் பெயரை வைத்தாரே, அங்கே தெரிகிறது அவர் தொழில் அறிவு.

நம்பிக்கை: சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் காயும், வேலை மிச்சம்.

உண்மை: காயும், வெளியே மட்டும். மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டுக் கிடக்கும். பெட்டியில் போன பிறகு கெட்டுப்போகும். சூடு குறைந்தாலும் வில்லங்கம்தான்: நொதியங்கள் அடங்காமல் இலை அவிந்து, தேநீர் சப்பென்று ஆகிவிடும். அதனால் உள்ளே போகும் காற்று 90 பாகை செல்சியசை ஒட்டியும், ஈரம் சுமந்து வெளியேறும் காற்று 50ஐ ஒட்டியும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம். சங்கிலித் தட்டு டிரையரில் ஏறத்தாழ 20 நிமிடப் பயணம். முடிவில் தூளில் எஞ்சும் ஈரம் சுமார் 3 சதவீதம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகச் சுருங்குவதில் பெரும்பங்கு தண்ணீர்தான். அனுபவமுள்ள டீமேக்கர் வெப்பமானியைப் பார்க்கும் அதே கவனத்தோடு காற்று வரத்தையும், தட்டில் இலை எவ்வளவு கனமாகப் பரந்திருக்கிறது என்பதையும் பார்ப்பார்.

நம்பிக்கை: ஸ்டோரில் விறகு எரிப்பதால் புகை தேயிலையில் ஏறுகிறது.

உண்மை: புகைக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி. அடுப்பின் அனல் இரும்புக் குழாய்களைச் சுட்டுவிட்டுப் புகைபோக்கியில் ஏறிப் போய்விடும். சுத்தமான காற்று அந்தக் குழாய்களின் மறுபக்கம் உரசிச் சூடேறி இலைக்கு வரும். இரும்புச் சுவரைத் தாண்டும் அந்த ஓர் இடத்தில் மட்டும் கடத்தல் இருக்கிறது. குழாயில் சிறு ஓட்டை விழுந்தால் போதும், புகை வாடை தூளில் ஏறி, ருசி பார்ப்பவர் முதல் மிடறிலேயே முகம் சுளிப்பார். இதே வாடையைச் சீனத்து வூயி மலைக்காரர்கள் பைன் விறகு எரித்து வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள். லாப்சாங் சூச்சொங் என்ற பெயரில் அதற்குத் தனி ரசிகர்களே உண்டு.