பன்னிரண்டு கூடை மீதம்

யோவான் 6-ம் அதிகாரத்தில் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் பெருகின அற்புதத்தை அடிக்கடி தியானிக்கிறோம். ஜனங்கள் திருப்தியான பிறகு ஆண்டவர் மீதியான துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னதையோ வேகமாய்க் கடந்துபோகிறோம். சேர்த்தது பன்னிரண்டு கூடை!

நம் பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்தால், வண்டி வாடகைக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் ரோட்டோரம் கொட்டுகிறார்கள். அதில் நம்மால் செய்யக்கூடியது கொஞ்சம். கல்யாணச் சோறு அப்படியல்ல. ஐ.நா. கணக்குப்படி 2022-ல் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 63 கோடி டன் நம்மைப்போன்ற வீடுகளிலிருந்து போனது.

ஒரு கல்யாணத்தில் மத்தியானம் மீந்த சாம்பார் சாதத்தை நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனபோது இராத்திரி எட்டு மணி. ஒரு பாட்டி மோந்து பார்த்து, "ஐயா, இது ஊசிப்போச்சு. பசிக்குதுன்னு இதைத் திங்க முடியுமா?" என்றார்கள். வெட்கத்தோடே திரும்பினேன்.

கோயம்புத்தூரில் 2014-ல் ஆரம்பமான 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பினர், மண்டபத்திலிருந்து போன் வந்தால் போய், உணவைச் சோதித்தே பசித்தவர்களிடம் சேர்க்கிறார்கள். அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். இலையில் பட்டதை எடுக்காதிருங்கள். அண்டாவில் சூடாயிருப்பதை மாத்திரம் மூடியுள்ள பாத்திரத்தில் எடுங்கள். தேங்காய் சேர்ந்தது சீக்கிரம் கெடும், அதை விட்டுவிடலாம். மீதம் என்று தெரிந்தவுடனே ஆள் புறப்படட்டும்.

அடுத்த கல்யாணத்தில் இரண்டு தூக்குவாளியும் சைக்கிளோடே ஒரு வாலிபத் தம்பியும் முன்னதாகவே ஆயத்தமாயிருந்தார்கள். அந்தப் பாட்டி சாப்பிட்டார்கள், மறுபடியும் மோந்து பார்த்துவிட்டுத்தான்!