வெங்காயமும் முதுமைச் செல்களும்

நாம் முதன்முதலாக நுண்ணோக்கியில் கண்ட செல் எது? வெங்காயச் சவ்வின் செல்தானே! செங்கல் அடுக்கினாற்போல் வரிசையாகத் தெரிந்த அச்செல்களைக் காண நாம் முண்டியடித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதே வெங்காயத்தில் உள்ள ஒரு பொருள், நம் உடலில் மூப்படைந்த செல்களை அகற்றுமா என்று இன்று அறிவியலார் ஆராய்ந்து வருகின்றனர். அதையே இங்குக் காண்போம்.

செல்லுக்கும் மூப்பு உண்டா? உண்டு. கண்ணாடிக் குடுவையில் வளர்க்கப்படும் மனிதச் செல்கள் முடிவின்றிப் பெருகும் என்றுதான் முன்னர் எண்ணியிருந்தனர். 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் லியனார்டு ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் என்னும் இருவர் அது தவறு எனக் காட்டினர். ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் செல்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. ஆனால் உடனே இறப்பதில்லை.

சும்மா இருந்துவிட்டால் தொல்லையில்லை. அவையோ அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து, அக்கம்பக்கத்துச் செல்களையும் கெடுக்கின்றன. பழுதுற்ற செல் பெரும்பாலும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இந்த முதுமைச் செல்களோ அம்முடிவுக்குத் தப்பும் வழியைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அவ்வழியை அடைத்துவிட்டால் அவை தாமே மடியும் அல்லவா? இதுவே ஆராய்ச்சியாளரின் எண்ணம். இவற்றை முழுப் பகைவர் என்றும் சொல்லிவிட முடியாது. காயம் ஆறுவதற்கு இவை துணைபுரிகின்றன. கெட்டுப்போன செல் பிரியாமல் நின்றுவிடுவது புற்றுநோய்க்கும் ஒரு தடையாகும்.

2011-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார், விரைவில் மூப்படையும்படி மரபணு மாற்றிய எலிகளின் உடலிலிருந்து இச்செல்களை நீக்கிப் பார்த்தனர். கண்புரையும் தசைத் தளர்ச்சியும் தள்ளிப்போயின. 2015-இல் இரு பொருள்களைச் சேர்த்துக் கொடுத்தனர். ஒன்று, இரத்தப் புற்றுநோய்க்குரிய டசாடினிப் என்னும் மருந்து. மற்றொன்று குவர்செட்டின். இதுதான் வெங்காயத்தில் உள்ளது. அதுவும் நாம் உரித்தெறியும் வெளித்தோலில்தான் மிகுதி!

2018-இல் 10 தாவரப் பொருள்களை ஒப்பிட்டபோது, ஸ்ட்ராபெரிப் பழத்தில் உள்ள ஃபிசெட்டின் முதலிடம் பெற்றது. முதுமையில் அதை உண்ட எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. ஆனால் 2023-இல் வெளிவந்த, மூன்று ஆய்வுக்கூடங்களில் நடந்த பெரிய சோதனையில் ஃபிசெட்டின் எலிகளின் ஆயுளைக் கூட்டவில்லை. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு உறவான திப்பிலியும் இப்பட்டியலில் உண்டு. அதிலுள்ள பைப்பர்லாங்குமின் முதுமைச் செல்களைக் கொல்வதை 2016-இல் கண்டனர். அது குடுவையில் வளர்த்த செல்களில் கண்டது என்பதையும் சொல்லவேண்டும்.

இதையெல்லாம் நாங்கள் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி. முழங்கால் வலியால் மாடிப்படி ஏறமுடியாத அவர், இளமையைத் திருப்பித் தரும் மாத்திரை என்ற விளம்பரத்தைக் கண்டு, தம் ஓய்வூதியப் பணத்தை அனுப்பலாமா என்று கேட்டார். ஃபிசெட்டின் அடங்கிய மாத்திரை அது. அதை வாங்குவானேன், பழமாகவே தின்றால் போதாதா என்று எங்களில் சிலர் வாதிட்டோம். ஆகவே கணக்குப் போட்டோம். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கொடுத்திருக்கின்றனர். பாட்டியின் எடை 50 கிலோ. ஆகவே ஒரு வேளைக்கு 1000 மில்லிகிராம் தேவை. ஒரு கிலோ ஸ்ட்ராபெரியில் இருப்பது சுமார் 160 மில்லிகிராம். ஒரே நாளில் ஆறு கிலோவுக்கு மேல் தின்னவேண்டும்! வெங்காயத்திலோ கிலோவுக்குச் சுமார் 5 மில்லிகிராம் ஃபிசெட்டின்தான் உண்டு. அப்படியானால் 200 கிலோ!

உணவால் அந்த அளவு கிட்டாது, மாத்திரையில் கிட்டலாம். கிட்டினால் பயன் உண்டா என்பதல்லவா கேள்வி? 2019-இல், டசாடினிப்பும் குவர்செட்டினும் பெற்ற 14 நுரையீரல் நோயாளிகள் முன்னைவிட நன்றாக நடந்தனர். ஆனால் மருந்து பெறாத ஒரு குழுவோடு அவர்களை ஒப்பிடவில்லை. அவ்வாறு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. மாதவிடாய் நின்ற 60 பெண்களிடம் 20 வாரம் அதே இரு மருந்துகளைச் சோதித்தனர். எலும்புத் தேய்வைக் காட்டும் அளவு இரு குழுவினரிடமும் வேறுபடவில்லை. எலியின் மகிழ்ச்சி மனிதருக்கு இன்னும் வரவில்லை!

நாங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டியிடம் இவற்றைப் படித்துக் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். “ஏண்டி பெண்களா, இருநூறு கிலோ வெங்காயம் உரிக்கத் தெம்பு இருந்தால் நான் ஏன் மாத்திரை கேட்கிறேன்?” என்று சிரித்தார். பணத்தை அனுப்பவில்லை. மறுவாரம் முழங்காலைக் காட்ட மருத்துவரிடம் தோழியே அவரை அழைத்துச் சென்றாள்.