கூட்டுறவில் எழும் வீடு

முன்னுரை

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது பழமொழி. "கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்பதும் பழமொழியே. ஒன்று தனித்து வாழச் சொல்கிறது; மற்றொன்று சேர்ந்து வாழச் சொல்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் வழி ஒன்று உண்டு. அதுவே கூட்டுறவு வீட்டு வசதி.

தோற்றம்

1844-இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 28 பேர் கூடித் தொடங்கிய சிறு கடை, கூட்டுறவு இயக்கத்திற்கு வழிகாட்டியது. நம் நாட்டில் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1909-இல் பெங்களூரில் வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. சென்னை அடையாற்றிலுள்ள காந்தி நகரும் இத்தகைய சங்கம் ஒன்றின் உழைப்பால் எழுந்ததே.

மற்ற வழிகள்

வாடகை வீட்டில் மாதந்தோறும் பணம் தருகிறோம். எத்தனை ஆண்டுகள் தந்தாலும் ஒரு செங்கல்கூட நமதாவதில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் பள்ளி ஆண்டின் நடுவிலும் மூட்டை கட்ட வேண்டும். மதுரைப் பக்கம் ஒத்தி முறையும் உண்டு. ஒரு பெருந்தொகையை முன்னதாகக் கொடுத்து, வாடகையின்றி இருந்து, கெடு முடிந்ததும் அத்தொகையைத் திரும்பப் பெறுவர். அப்பணம் இல்லாதவர்க்கு அவ்வழி அடைபட்டதே. 1961-இல் தோன்றிய தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் வீடும் மனையும் விற்கிறது. ஆனால் அங்கு வாங்குபவர் வாரியத்தை நடத்துபவர் அல்லர். மதுரையைச் சுற்றி வயல்களிடையே மனைக்கற்களைக் காண்கிறோம். தனியார் மனை விற்பதன் நோக்கம் இலாபம்.

சங்கம் நடக்கும் விதம்

கூட்டுறவுச் சங்கத்தில் வீடு தேடுவோரே உறுப்பினர், அவர்களே உரிமையாளர். ஒவ்வொருவரும் பங்குத்தொகை செலுத்துகின்றனர். பங்கு எத்தனை இருப்பினும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. நிர்வாகக் குழுவை உறுப்பினரே தேர்ந்தெடுப்பர். அதில் பெண்களுக்கு இடஒதுக்கீடும் உண்டு. கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்படும்.

நம் மாநிலத்தில் 1959 முதல் இயங்கும் கூட்டுறவு வீட்டு வசதி இணையம் சங்கங்களுக்குக் கடன் தருகிறது. சங்கம் அதை உறுப்பினருக்கு அடமானத்தின் பேரில் வழங்குகிறது. உறுப்பினர் தவணையாகச் செலுத்தி முடித்ததும் பத்திரம் கைக்கு வரும். வீடு அவர் பெயரிலேயே இருக்கும். மும்பையில் வேறு விதம். அங்கே பல அடுக்குக் கட்டடம் சங்கத்திற்கே சொந்தம். உறுப்பினரிடம் இருப்பது பங்குச் சான்றிதழும் குடியிருக்கும் உரிமையும்.

குறைகள்

சிலர் தவணை கட்டத் தவறினால், சங்கத்தால் இணையத்தின் கடனை அடைக்க இயலாது. புதியவருக்குக் கடன் தரவும் முடியாது. ஒருவரின் அலட்சியம் முகம் அறியாத ஒரு குடும்பத்தின் கூரையைத் தள்ளிப் போடுகிறது. பொதுப்பேரவைக்கு உறுப்பினர் வராவிட்டால் சங்கம் சிலர் கைக்குள் அடங்கிவிடும்.

முடிவுரை

அன்புத் தோழியரே! பதினெட்டு வயது நிறைந்த பெண்ணும் தன் பெயரிலேயே உறுப்பினராகலாம். நாம் வகுப்பில் போடும் வட்டிக் கணக்கு அன்று தவணை அட்டையைச் சரிபார்க்க உதவும். வீட்டின் வாசற்படியோடு நம் பொறுப்பு நின்றுவிடாமல், பொதுப்பேரவைக்கும் சென்று கணக்குக் கேட்போம். அப்போதுதான் நம் வளையும் நிலைக்கும். அயலார் வளையும் நிலைக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, கீழக்குயில்குடி