சேற்றில் புதைந்த வண்டியும் ஜாக்கியும்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் ஆகிய இரு போக அறுவடைகளிலும், நெல் ஏற்றிய டிராக்டர் டிரெயிலர்கள் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய் முதலியவற்றின் கரைவழிகளில் அச்சுவரை புதைந்து நிற்பது பலரும் கண்டதே. கார் அறுப்பு வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தை ஒட்டி வருவதால் அப்போது தொல்லை மிகுதி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழைக்குப் பின், நல்ல வழிகளும் சில நாள் இவ்வாறே ஆயின.

புதைந்த டிராக்டரின் பின்சக்கரங்களில் மரக்கட்டையைச் சங்கிலியால் பிணைத்து ஓட்டும் வழக்கம் ஒன்று உண்டு. இதனை அடியோடு விட்டொழிக்க வேண்டும். கட்டை மண்ணில் பிடித்துக்கொண்டு சக்கரம் சுழலாது நின்றால், எஞ்சினின் விசை வண்டியின் முன்பாகத்தையே மேலே தூக்கும். ஓட்டுபவர் கிளச்சை மிதிக்குமுன் வண்டி பின்புறம் கவிழ்ந்து அவர்மேல் விழும். டிரெயிலர் புதைந்திருப்பின் மூட்டைகளை இறக்கிவிட்டு ஜாக்கியால் தூக்குவதே தக்க முறை.

75 கிலோ மூட்டை 60 ஏற்றினால் பாரம் 4½ டன். டிரெயிலரின் சொந்த எடை உத்தேசமாக 1½ டன். இணைப்புக் கொக்கியில் ஒரு பங்கு சாய்ந்தாலும், இருசக்கர டிரெயிலரில் ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் சுமார் 2½ டன் நிற்கும். சேற்றின் பிடிப்பு வேறு. ஆகையால் 5 டன்னுக்குக் குறைந்த ஜாக்கி உதவாது. காருடன் வரும் சிறு ஜாக்கியை இதற்குக் கொணர்தல் வீண். 20 டன் ஜாக்கி வாங்குவோரும் உளர். அதைச் சுமந்து வரப்பில் நடப்பதே பெரும்பாடு.

திருகு ஜாக்கி மெதுவாகத் தூக்கும். தானாக இறங்குவது அரிது. எண்ணெய் ஜாக்கிக்குக் கைவலிமை குறைவாகவே வேண்டும். எனினும் வாஷர் தேய்ந்தால் பாரத்தோடு அமிழ்ந்துவிடும். அதனை நிமிர்த்தியே வைக்க வேண்டும். எதுவாயினும், தாழ்ந்த நிலையில் அதன் உயரத்தை அளந்து பார்த்து வாங்குக. அச்சுக்கும் தரைக்கும் இடைவெளி இல்லாதபோது உயரமான ஜாக்கிக்குக் குழி தோண்ட நேரும்.

ஜாக்கியைக் காட்டிலும் அதன் அடிப்பலகையே முக்கியம். 12 சென்டிமீட்டர் சதுர அடித்தட்டின்மேல் 2½ டன் நின்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 17 கிலோவுக்கு மேல் அழுத்தம்; நஞ்சை மண் இதைத் தாங்காது, ஜாக்கிதான் கீழே போகும். 90-க்கு 60 சென்டிமீட்டர் பரப்பில் வைத்தால் அரை கிலோவுக்குச் சிறிது குறைவே. முற்றிய பனஞ்சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக இரண்டு வரிசை அடுக்கினால் வளையாது. இம்மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

டிராக்டரைக் கழற்றாமல், எஞ்சினை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். கரைச் சரிவில் சாய்ந்து நிற்கும் வண்டியைத் தூக்கலாகாது. அது கால்வாய்ப் பக்கம் உருளும். ஜாக்கி அச்சின் அடியில் நேராக நிற்கட்டும். சிறிது தூக்குந்தோறும் அச்சின்கீழ் மரக்கட்டை அடுக்கி வருக. செங்கல் நொறுங்கும், கருங்கல் வழுக்கும். சக்கரத்தின் அடியில் பனைமட்டை, சரளை, கிளைகளைக் கழியால் தள்ளுக. கையை நுழைக்கவே கூடாது, சிறுவர் அருகிலும் வரலாகாது. ஜாக்கி தூக்குவதற்கே அன்றித் தாங்குவதற்கன்று.

பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து இறக்கி, ஜாக்கியையும் அகற்றியபின் மெல்ல ஓட்டலாம். வேறு டிராக்டரால் இழுப்பதாயின் தாழ்ந்த இழுகொக்கியிலேயே சங்கிலியை மாட்டுக.

வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, திருகுக்கு எண்ணெயிட்டு, தண்டை முழுதும் இறக்கி, சாக்கில் சுற்றி வைக்கவேண்டும்.