உபவாசமும் உடற்கருவிகளின் ஒற்றுமையும்

உடம்பினுள் உறுப்புக்கள் பல. அவற்றின் தொழிலும் வெவ்வேறு. எனினும் அவை யாவும் ஒரு குறிப்பின்வழி நின்றாற்போல ஒருங்கு தொழிற்படுகின்றன. இவ்வொற்றுமை எங்ஙனம் நிகழ்கின்றது என்பதையும், அதனையே உயிருண்மைக்குச் சான்றாக நிறுத்துதல் தகுமோ என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம். நம்மனோர் நன்கறிந்த உபவாசத்தையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

உண்ணாதிருக்குங்கால் உடம்பு ஓய்ந்திருக்கின்றதெனப் பலருங் கருதுவர். இரைப்பையும் குடலும் ஓரளவு ஓய்தல் உண்மையே. ஏனைய உறுப்புக்களோ அப்பொழுது தம்முள் மிக்க இணக்கம் பூண்டு உழைக்கின்றன. அஃதெங்ஙனமெனின், கூறுதும்.

மூளை உடலெடையில் ஏறக்குறைய ஐம்பதிலொரு பங்கே. ஆயினும் ஓய்ந்திருக்கும் உடம்பு செலவிடும் ஆற்றலில் ஐந்திலொரு பங்கை அது கொள்ளும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளூக்கோஸ் அதற்கு வேண்டும். குருதி முழுவதிலும் ஒரு பொழுதில் இருப்பதோ 5 கிராம் அளவே. ஆகவே, செலவானது செலவாக, வேறோரிடத்தினின்று அது வந்துகொண்டே இருத்தல் வேண்டும். அவ்விடம் கல்லீரல். உண்ட காலத்து மிகுந்த சர்க்கரையை அது கிளைக்கோஜன் என்னும் பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கும். பிரான்சு நாட்டு உடலியலறிஞர் குளோத் பெர்னார் 1857-ஆம் ஆண்டில் இப்பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினர்.

சேமிப்பை விடுக்குங் காலத்தைக் கல்லீரலுக்கு உணர்த்துவது யாது? கணையம். குருதியிற் சர்க்கரை தாழுங்கால் அது இன்சுலினைக் குறைத்துக் குளுக்ககானை மிகுதியாகச் சுரக்கும். அச்சுரப்பே குருதிவழிச் சென்று கல்லீரலை ஏவும். இங்ஙனம் நரம்பின் துணையின்றியும் ஓர் உறுப்பின் செய்தி மற்றோர் உறுப்பை எய்துமென்பதை இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் 1902-ல் நாட்டினர்.

கல்லீரலின் சேமிப்பு 100 கிராம் அளவினது. அஃது ஒரு நாளிற் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு முன்னரே கொழுப்புக் கரையத் தொடங்கும். இதயமும் தசைகளும் அக்கொழுப்பைக் கொண்டு தம் தொழில் நடாத்திச் சர்க்கரையை மூளைக்கு விட்டுக்கொடுக்கும். தசைகள் தரும் அமினோ அமிலம் முதலியவற்றினின்று கல்லீரல் புதிதாகச் சர்க்கரை ஆக்கும். நீரும் அருந்தாவிடின் குருதியின் செறிவு மிகும். மூளையின் அடிப்பகுதி அதனை உணர்ந்து சிறுநீரகத்துக்கு அறிவிக்கும். நாள்தோறும் 180 லிட்டர் வடித்து அதில் மிகப் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளும் சிறுநீரகம், அப்பொழுது எஞ்சியதிலும் ஒரு பகுதியை மீட்கும்.

இனி, சைவருட் சிலர், "சடமாகிய உறுப்புக்கள் தாமே இணங்கித் தொழிற்படா, ஆகலின் இவ்வொற்றுமையே உயிருண்மைக்குச் சான்று" என்பர். உலகாயதர், "சுரப்பும் நரம்புமே அமையும், உயிர் வேண்டா" என்பர். இவ்விரு கூற்றும் குற்றமுடையன. என்னை? உறங்குவானிடத்தும் கல்லீரல் சர்க்கரை விடுக்கின்றது. அவன் அதனை அறிந்து ஏவினானல்லன். பிறர் காரணங்காட்டாத இடத்தில் நம் சான்றை நிறுத்துவோமாயின், அவர் காரணங்காட்டிய அன்றே அது வீழும். உயிரின் உடனிலை உடம்புக்கு வேண்டா என்பது நம் கருத்தன்று. சான்று நிற்குமிடம் இஃதன்று என்பதே கருத்து. மற்று, இயந்திரம் இயங்குமாற்றை விரித்துரைத்தமையான் அதனைக் கொண்டு நுகர்வோன் இலன் என்பதும் பெறப்படாது.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் உடம்பை மாயையின் காரியமாகிய இயந்திரமென்றே கொண்டனர். அவர் காட்டிய ஏதுக்களோ வேறு. உடம்பை எனதென வேறுபடுத்துக் கூறுதலும், உறக்கத்தில் உயிர்ப்பு நிகழவும் நுகர்ச்சியும் தொழிலும் இல்லாமையும் அவற்றுட் சில. பசியை "என் பசி" என அறிந்து, அறிந்தும் உண்ணேனென நோன்பிலே நிற்பவன் எவனோ, அவனைப் பற்றியதே அவர் ஆராய்ச்சி. ஆகலின் உடலியல் வளருந்தோறும் இயந்திரமென்னும் அச்சொல்லின் பொருள் விளக்கமுறுமேயன்றிச் சித்தாந்தந் தளராது.

இதனால் நாம் கைக்கொள்ளத்தக்கதும் ஒன்றுண்டு. நீரிழிவுக்கு இன்சுலினோ, இன்சுலின் சுரப்பை மிகுவிக்கும் மாத்திரையோ கொள்வோர், உண்ணாத நாளிற் கணையம் தன் சுரப்பைக் குறைத்தல்போல அம்மருந்து தானே குறையாதென்பதை உணர்தல் வேண்டும். அந்நிலையிற் சர்க்கரை மிகத் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் தோன்றி, நினைவும் அழியும். ஆதலால் அன்னோர் மருத்துவரைக் கேளாது நோன்பு மேற்கொள்ளற்க. மடங்களிலுள்ள பெரியோரும் முதியோர்க்கு இதனை எடுத்துரைப்பாராக. அறிதற்கும் வழிபடுதற்கும் கருவியாக வந்த உடம்பைக் கெடுத்தல் நோன்பின் பயனன்று.