உருண்டை உலகும் தட்டைத் தாளும்

உலகம் உருண்டை, அதனை வரையும் தாளோ தட்டை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பிணக்கைத் தீர்க்க முயல்வதே கோட்டுச்சட்டம் என்னும் கலை. சாத்துக்குடித் தோலை உரித்து மேசைமீது பரப்பினால் அது கிழியும். கிழியாதிருக்க வேண்டுமெனில் இழுபட வேண்டும். கோளத்தின் பரப்பைச் சிதைவின்றித் தட்டையாக்குதல் இயலாது என்பதை 1827ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணித அறிஞர் காஸ் மெய்ப்பித்தார். ஆகவே வடிவம், பரப்பு, தொலைவு, திசை ஆகிய நான்கையும் ஒருங்கே காக்கும் உலகப்படம் எதுவும் இல்லை. ஒன்றைக் காக்க மற்றொன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

கடலுக்கும் எண்ணூர்க் கழிக்கும் இடையே அமைந்த காத்திவாக்கத்தில் நின்று இதனைக் காண்போம். இவ்வூருக்கு வடக்கே 2001இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இன்று காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. அங்கு வரும் மாலுமிக்கு வேண்டுவது கோணம். மெர்க்கேட்டர் 1569இல் வகுத்த முறையில் கோணங்கள் பிறழா. தாளில் இட்ட நேர்க்கோடு மாறாத ஒரே திசையைக் காட்டும். சிறு இடங்களின் வடிவமும் கெடாது. அதற்குக் கொடுத்த விலை பரப்பு. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நிலங்கள் பெருத்துக் காட்டும். 13 பாகையிலுள்ள காத்திவாக்கத்தில் இம்மிகை நூற்றுக்கு ஐந்தளவே. 72 பாகையிலோ பத்து மடங்கு. அதனால் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தோன்றுகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதனினும் பதினான்கு மடங்கு பெரிது. நம் இந்தியாவும் ஒன்றரை மடங்கு பெரிது.

நாடுகளின் விளைநிலத்தையும் காட்டையும் ஒப்பிடுவோர்க்குப் பரப்பே உயிர். பீட்டர்ஸ் 1973இல் பரப்பிய சமபரப்புப் படத்தில் நாடுகள் தத்தம் அளவைப் பெற்றன. ஆயின் ஆப்பிரிக்காவின் உருவம் நெடுக இழுபட்டது. மெர்க்கேட்டர் படத்தைக் கைவிட வேண்டுமென்ற கோரிக்கையை 2025இல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஆதரித்தமை, இது வெறும் கணக்கன்று, மதிப்பும் சார்ந்தது என்பதைக் காட்டுகிறது.

எண்ணூர்த் தொழிற்சாலைகளின் வரைவாளரும் இச்சிக்கலை அறிவர். பெட்டியொன்றை மூன்று முகங்களும் தெரிய ‘ஐசோமெட்ரிக்’ முறையில் வரைந்தால் சதுரம் சாய்சதுரமாகும். வட்டத் துளை நீள்வட்டமாகும். பொருள் விளங்கும், கோணம் கெடும். ஆதலின் பட்டறைக்கு மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம் எனத் தனித்தனிப் படங்களும் செல்கின்றன.

நம் சமுதாயத்தார்க்கு இக்கலை மேலும் நெருக்கமானது. காத்திவாக்கத்தில் தொழுவோர் முகம் திருப்ப வேண்டிய கிப்லா எது? மெர்க்கேட்டர் படத்தில் இவ்வூரையும் மக்காவையும் அளவுகோலால் இணைத்தால், அக்கோடு நேர்மேற்கிலிருந்து வடக்கே 12 பாகை சாயும். உலக உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்தாலோ, அந்நூல் ஏறத்தாழ 18 பாகை சாய்ந்து புறப்படும். கோளத்தின்மேல் மிகக் குறுகிய வழி அதுவே. படம் பொய்யுரைக்கவில்லை, மாலுமிக்குரிய விடையைத் தொழுவோர்க்குத் தந்துவிட்டது. கஸ்னி நகரின் கிப்லாவைக் கணிக்கும் நோக்குடன் அல்பிரூனி 1025இல் ஒரு நூலை நிறைவு செய்தார் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. தொலைவில் வாழ்வோர்க்குத் திசை நோக்குதலே போதும் என்பது சட்ட அறிஞர் பலரின் கருத்து. எனவே மேற்கு நோக்கி எழுப்பிய பழம் பள்ளிவாசல்களைக் குறைகூற இக்கணக்கைக் கருவியாக்குதல் தகாது. புதிதாகக் கட்டுவோர்க்கு இது வழிகாட்டட்டும்.

செய்யுளை மொழிபெயர்ப்போர் பொருளைக் காத்தால் ஓசையை இழப்பர். ஓசையைக் காத்தால் பொருள் நெகிழும். அதுபோன்றதே நிலப்படமும். ‘இப்படம் சரியா?’ என்று கேட்பதினும், ‘இது எதைக் காத்தது, எதை விட்டது, எவர்க்காக வரையப்பட்டது?’ என்று கேட்பதே கற்றவர்க்கு அழகு. அவ்வினாவை நம் மாணவர் படத்திடம் மட்டுமன்றிப் படிக்கும் ஒவ்வொரு நூலிடமும் கேட்பாராக.