துயில் தரும் மாத்திரையும் அதன் தளையும்

உண்டியும் நீரும் உயிர் வாழ்வுக்கு எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது உறக்கம். பகலெல்லாம் உழைத்த உடலும், பல நினைந்து சலித்த உள்ளமும் இரவில் இளைப்பாறாவிடின் மறுநாட் கடமைகளைச் செய்ய ஆற்றல் இராது. ஆகவே, உறக்கம் வாராதவர் அதனை எவ்வாற்றானேனும் பெற முயல்வது இயல்பே. அம்முயற்சியில் மக்கள் கைக்கொண்ட வழிகளுள் ஒன்று உறக்க மாத்திரை. கள்ளைப் போலவோ கஞ்சாவைப் போலவோ அஃது இழிவாக எண்ணப்படுவதன்று. மருத்துவர் தம் கையெழுத்திட்டுத் தருவது. ஆதலின் அதனால் தீங்கு விளையக்கூடுமென்று எவரும் எளிதில் ஐயுறுவதில்லை. அம்மாத்திரை தளையாக மாறுவது யாங்ஙனம், அத்தளையினின்று மீள்வது யாங்ஙனம் என்னும் இரண்டினையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

இப்பொருளை யான் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. என் பாட்டனார் காலமான பின்னர்ப் பாட்டியார் பல நாள் உறக்கமின்றி வருந்தினார். மருத்துவர் ஒருவர் அல்ப்ரசோலம் என்னும் சிறு மாத்திரையை இரவில் உட்கொள்ளுமாறு எழுதிக் கொடுத்தார். சில வாரங்களுக்கெனத் தொடங்கியது ஆறு ஆண்டுகள் நீடித்தது. அரை மாத்திரை ஒன்றாயிற்று, ஒன்று இரண்டாயிற்று. பழைய சீட்டையே காட்டி அதனைக் கடையில் வாங்கி வந்தவனும் யானே. ஈராண்டுகளுக்கு முன், போதைப் பழக்கத்தைக் கண்டிக்கும் சொற்பொழிவொன்றைக் கேட்டு வீடு திரும்பிய யான், பாட்டியாரும் அத்தகைய பழக்கத்திற்கு ஆட்பட்டிருக்கிறார் எனத் துணிந்தேன். எவரையும் கேளாது மாத்திரைகளை ஒளித்து வைத்தேன். நம்பிக்கையுள்ளவர்க்கு மாத்திரை எதற்கு என்று அவரிடம் கடிந்தும் பேசினேன். “தம்பி, டாக்டர் கொடுத்ததைத்தானே சாப்பிட்டேன், நான் என்ன குற்றம் செய்தேன்?” என்றார் அவர். இரண்டு இரவுகள் அவர் கண் மூடவில்லை, கை நடுங்கிற்று, உடல் வியர்த்தது, கதவு சாத்தும் ஓசைக்கும் திடுக்கிட்டார். மூன்றாம் நாட் காலையில் வலிப்புக் கண்டு கீழே விழுந்தார். மருத்துவமனையில் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, “நீர் செய்தது நன்மை கருதியே, ஆயினும் உயிருக்கே கேடாக முடிந்திருக்கும்” என்றார். அன்று என் அறியாமை எனக்கு விளங்கிற்று. அவ்வறியாமையைப் போக்கிக்கொள்ளக் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் இம்மருந்துகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1857-ஆம் ஆண்டில் சார்லஸ் லோக்காக் என்னும் ஆங்கில மருத்துவர் வலிப்பு நோய்க்குப் புரோமைடு உப்பு உதவுமெனக் கூறினார். நாளடைவில் அவ்வுப்பு அமைதி தரும் மருந்தாகவும் வழங்கலாயிற்று. 1869-இல் ஜெர்மானியராகிய ஆஸ்கர் லீப்ரைக் என்பவர் குளோரல் என்னும் மருந்தினால் உறக்கம் உண்டாதலைக் காட்டினார். 1903-இல் எமில் பிஷரும் யோசப் வான் மேரிங்கும் பார்பிட்டல் என்பதனை வெளியிட்டனர். அஃது ‘வெரோனல்’ என்னும் பெயரால் விற்கப்பட்டது. 1912-இல் ‘லூமினல்’ வந்தது. இவை நல்லுறக்கம் தந்தனவாயினும், அளவு மிகுந்தால் மூச்சையே நிறுத்தின. நெடுநாள் உண்டவரை விடாது பற்றிக்கொண்டன. எனவே தீங்கற்ற மருந்தொன்றைத் தேடும் முயற்சி தொடர்ந்தது.

அத்தேட்டத்தின் பயனாகத் தோன்றியது பென்சோடயசெப்பின் என்னும் மருந்தினம். அதனைக் கண்டவர் லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் இரசாயன அறிஞர். அவர் அமெரிக்காவில் நியூஜெர்சியிலுள்ள நட்லி என்னும் ஊரில், ஹாப்மன் லா ரோஷ் என்னும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அவர் செய்து, பயனற்றதெனத் தட்டில் ஒதுக்கி வைத்த ஒரு பொருள், 1957-இல் ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்யுங்கால் மீண்டும் கைக்கு வந்தது. சோதித்துப் பார்த்தபோது, அது விலங்குகளின் அச்சத்தையும் சினத்தையும் தணிப்பதாகத் தெரிந்தது. 1960-இல் அது ‘லிப்ரியம்’ என்னும் பெயரால் வெளிவந்தது. அதனினும் வன்மை மிக்க டயசெபாம் 1963-இல் ‘வாலியம்’ என்னும் பெயரால் வந்தது. தனியே உண்டால் முன்னைய மருந்துகளைப் போல எளிதிற் கொல்லாமையின், மருத்துவர் இவற்றைத் தயக்கமின்றி எழுதினர். நம் நாட்டில் இன்று மிகுதியாக வழங்கும் அல்ப்ரசோலம், குளோனசெபாம் முதலியன இவ்வினத்தைச் சார்ந்தவை. சோல்பிடெம் என்பது வேறினமாயினும் மூளையில் இவை தொழிற்படும் இடத்திலேயே தொழிற்படுவது.

இதன் தீங்கு நெடுங்காலம் அறியப்படாமல் இருந்ததென்று கூற இயலாது. 1961-ஆம் ஆண்டிலேயே லியோ ஹாலிஸ்டர் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் உடனாய்வாளரும், ‘லிப்ரியம்’ மருந்தைப் பேரளவில் மாதக்கணக்காக உண்ட 11 நோயாளருக்கு அதனைத் திடீரென நிறுத்தி, வெறும் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தனர். அவருள் 10 பேருக்குப் புதிய துன்பக் குறிகள் தோன்றின. இருவருக்கு வலிப்பு வந்தது. இதனைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் விழுந்து கிடந்த பாட்டியாரின் உருவமே என் கண்முன் நின்றது. அவ்வாண்டிலேயே அறியப்பட்ட ஓருண்மையை, அரை நூற்றாண்டு கழிந்தும் எங்கள் குடும்பத்தில் எவரும் அறிந்திலோம்.

இனி, இம்மருந்து தொழிற்படும் முறையைக் காண்போம். நம் மூளையில் கிளர்ச்சி தரும் பொருள்களும், அதனைத் தணிக்கும் பொருள்களும் உள. தணிக்கும் பொருள்களுள் தலையாயது ‘காபா’ எனச் சுருக்கமாக வழங்கப்படுவது. பென்சோடயசெப்பின் மருந்துகள் இக்காபாவின் ஆற்றலை மிகுவிக்கின்றன. அதனால் அச்சம் தணிகின்றது, தசை தளர்கின்றது, உறக்கம் வருகின்றது. இதனை ஒரு தராசாகக் கருதுக. அமைதியின் தட்டில் நாள்தோறும் ஒரு படிக்கல்லை நாம் புறத்தேயிருந்து வைக்கின்றோம். மூளையோ சமநிலையை விரும்புவது. ஆகவே அது கிளர்ச்சியின் தட்டில் தானும் சிறிது சிறிதாக எடையைக் கூட்டுகின்றது. பண்டு உறக்கம் தந்த அளவு இப்பொழுது போதாமற் போவது இதனாலேயே. இந்நிலையில் நாம் வைத்த கல்லை ஒரே நாளில் எடுத்துவிட்டால், கிளர்ச்சியின் தட்டு விசையோடு தாழ்கின்றது. உறக்கமின்மை, நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, ஒளியும் ஒலியும் பொறாமை, காரணமற்ற அச்சம், சிலர்க்கு மனக்குழப்பம், வலிப்பு ஆகியன இதன் விளைவுகள். மருந்தின்றி உறக்கம் வாராமையைக் கண்ட நோயாளர், தம் பழைய நோயே மீண்டதென்று மயங்கி, மறுபடியும் மாத்திரையை நாடுகின்றனர். தளை இவ்வாறே இறுகுகின்றது.

ஈண்டு ஒரு வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும். உடல் ஒரு மருந்தைச் சார்ந்து பழகிவிடுதல் வேறு. கேடு வருமென அறிந்தும் அடங்கா வேட்கையோடு அதனை நாடி அலையும் அடிமைப்பழக்கம் வேறு. பின்னது உடையார் பலர்க்கு முன்னதும் உண்டாதல் கூடும். ஆனால் முன்னது உடையார் அனைவரும் பின்னது உடையாரல்லர். மருத்துவர் எழுதிய அளவைச் சிறிதும் மீறாதவர்க்கும் உடற்சார்பு வரும். ஆதலின் அவரைக் குற்றவாளியாக நோக்குவது அறியாமை. அடிமைப்பழக்கம் உற்றவரையும் பழித்துரைத்துத் திருத்திய மருத்துவம் எதுவும் இல்லை. பாட்டியாரிடம் யான் கூறிய கடுஞ்சொல் இரு வகையாலும் பிழையானது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

மேனாட்டில் இவ்வுண்மையைப் பொதுமக்கள் உணர்வதற்கு, துன்புற்றவர்கள் வெளிப்படையாகப் பேசியமை பேருதவியாயிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஜெரால்டு போர்டின் மனைவியார் பெட்டி போர்டு, தாம் மதுவுக்கும் மருத்துவர் எழுதிய மாத்திரைகளுக்கும் ஆட்பட்டதை 1978-இல் மறையாது கூறிச் சிகிச்சை பெற்றார். தம்மைப் போன்றவர்க்கு உதவும் பொருட்டு 1982-இல் கலிபோர்னியாவில் ஒரு நிலையமும் காணத் துணைபுரிந்தார். தொலைக்காட்சித் துறையைச் சார்ந்த பார்பரா கோர்டன் என்பவர், வாலியத்தைத் திடீரென நிறுத்தியதால் தாம் பட்ட துயரத்தை 1979-இல் நூலாக எழுதினார். அவ்வாண்டிலேயே அமெரிக்கச் செனட் சபையின் குழுவொன்று எட்வர்டு கென்னடியின் தலைமையில் இம்மருந்துகளைப் பற்றி விசாரணை நடத்தியது. இங்கிலாந்திலோ 1988-இல் மருந்துப் பாதுகாப்புக் குழுவினர், இவற்றை 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் எழுதலாகாதென மருத்துவர்க்கு அறிவுறுத்தினர்.

மீளும் வழியைத் தெளிவாகக் காட்டியவருள் முதலில் எண்ணத்தக்கவர் ஹெதர் ஆஷ்டன் அம்மையார். இவர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1982 முதல் 1994 வரை, இம்மருந்தினின்று விடுபட விரும்புவோர்க்கென ஒரு மருத்துவ நிலையத்தை நடத்தினார். நோயாளர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்பதே அவர் கையாண்ட முறையின் அடிப்படை. பன்னீராண்டு அனுபவத்தை அவர் எழுதிய கையேடு 1999-இல் வெளிவந்தது. பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 2019-இல் அவர் காலமானார். அவர் கண்ட முறை இதுவே: விரைவில் உடலைவிட்டு நீங்கும் மருந்துக்கு ஈடாக, உடலில் நெடுநேரம் தங்கும் டயசெபாமைப் படிப்படியாக மாற்றி அமைத்தல், பின்னர் அதனைச் சிறுகச் சிறுகக் குறைத்தல். 2025-இல் அமெரிக்க மருத்துவக் கழகங்கள் சில கூடி வெளியிட்ட நெறிமுறையும், 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, அப்பொழுது உண்ணும் அளவில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்துப் பார்க்குமாறு கூறுகின்றது. குறைக்கும் வேகத்தை நோயாளரின் உடலே அறுதியிட வேண்டும். துன்பம் மிகுந்தால் அங்கேயே சில வாரம் நின்று, மீண்டும் நடத்தல் தகும். இவையனைத்தும் மருத்துவர் மேற்பார்வையிலன்றி, தாமாகவே செய்யத்தக்கன அல்ல.

மாத்திரையைக் குறைத்தலோடு உறக்கத்தையும் புதிதாகப் பயிலுதல் வேண்டும். நாட்பட்ட உறக்கமின்மைக்கு, மருந்தினும் முன்னதாக எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சியையே அளிக்க வேண்டுமென அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் கூறியது. அதன் கூறுகள் எளியன: எத்துணை நேரம் உறங்கினாலும் காலையில் ஒரே வேளையில் எழுதல், பகலுறக்கம் தவிர்த்தல், படுக்கையை உறக்கத்திற்கே உரியதாக்குதல், உறக்கம் வாராது புரளுங்கால் எழுந்து சென்று அமைதியாக வீற்றிருந்து, உறக்கம் வருங்கால் மீளுதல், பிற்பகலுக்கு மேல் காப்பி தேநீர்களை ஒழித்தல்.

நம் நாட்டில் இதற்குச் சட்டமும் உண்டு. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் தொடங்கி நடைமுறைக்கு வந்த எச்-1 பட்டியலில் அல்ப்ரசோலம், டயசெபாம், சோல்பிடெம் முதலியன அடங்கும். இவற்றை விற்போர், நோயாளர் பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாத்தல் வேண்டும். யான் பழைய சீட்டைக் காட்டியபோது கடைக்காரர் அச்சட்டத்தை எண்ணினாரல்லர், யானும் எண்ணினேனல்லேன். சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. கொள்வோரும் கொடுப்போரும் அதனைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! தேர்வு நெருங்குங்கால் விடுதி அறைகளில் ஒருவர்க்கொருவர் உறக்க மாத்திரை வழங்குவதுண்டென்பதை நாம் அறிவோம். அது நட்பாகாது. மதுவோடு இதனைச் சேர்த்து உண்ணுதல் மூச்சை அடக்கி உயிரையே போக்கவல்லது. மேலும், புதிதாகப் படிப்பதை நினைவில் நிறுத்தும் ஆற்றலையும் இது மழுங்கச் செய்யும். தேர்வுக்கென உண்ட மருந்தே தேர்வைக் கெடுக்கும். உம் இல்லத்தில் எவரேனும் இதனை நெடுநாள் உண்பாராயின், யான் செய்தது போல ஒளித்து வைக்காதீர், கடிந்து பேசாதீர். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனத்துயர் உற்றவர்க்கென அரசினர் 2022-இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணும் உதவும்.

பாட்டியார் மருந்தினின்று முற்றும் விடுபடப் பதினான்கு மாதங்கள் ஆயின. மருத்துவர் எழுதிய அட்டவணையைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வாரமும் மாத்திரையை வெட்டி அளந்து கொடுத்தேன். இருமுறை அவர் தளர்ந்தார்; அப்பொழுது குறைப்பதை நிறுத்தி, இரவில் அவர் அருகே அமர்ந்திருந்தேன். உறக்கம் வாராத அவ்விரவுகளில் பாட்டனாரைப் பற்றி அவர் பேசினார். ஆறு ஆண்டுகளாக அவர் பேசாத பேச்சு அது. ஆற்றப்படாத துயரையே மாத்திரை மூடி வைத்திருந்ததென அன்று அறிந்தேன். இப்பொழுது அவர் ஐந்து மணி நேரமே உறங்குகின்றார். ஆயினும் ஞாயிறுதோறும் கோவிலுக்குத் தாமே நடந்து சென்று, பிறர் துணையின்றிப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பாடுகின்றார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறியதில்லை. என்றாலும், கேட்டறிந்த பின்னரே உதவ வேண்டும் என்னும் பாடத்தை அவரிடமே யான் கற்றேன்.